ரோஸ் அடிக்கும் டார்ச்

நான் வேலை பார்ப்பது டார்ச் லைட் மொத்த வியாபாரக் கிடங்கில். வாங்கியவர்கள் பிடிக்காமல் திருப்பி அனுப்புகிற டார்ச்சுகள் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். எரியாதது, பட்டன் அழுந்தாதது, தண்ணீரில் விழுந்தது என்று பாதி. மீதிப் பாதி ஜம்மென்று எரிபவை. அவற்றின் குற்றம் நிறம்.

“ரெண்டு வாங்கினேன். ஒண்ணு பச்சையா அடிக்குது, ஒண்ணு ரோஸா அடிக்குது. இதுல எது ஒரிஜினல்?” என்று ஒருவர் சீட்டு எழுதி டார்ச்சோடு வைத்து அனுப்பியிருந்தார். ரெண்டுமே ஒரிஜினல்தான் ஐயா என்று அவருக்கு யார் சொல்வது? எல்.இ.டி. பல்பும் அடுப்பில் சுட்ட ரொட்டி மாதிரிதான். ஒரே மாவு, ஒரே சூடு, ஆனாலும் ஒன்று சிவந்து வரும், ஒன்று வெளுத்து வரும். தயாரிக்கிற இடத்தில் நிறம் பார்த்து ரகம் பிரித்துவிடுவார்கள். மலிவாகக் கேட்கிறவனுக்கு எல்லா ரகத்தையும் கலந்து கட்டித் தள்ளிவிடுவார்கள். எங்கள் முதலாளி மலிவாகக் கேட்கிறவர். “வெளிச்சம் வருதா? வருதுல்ல? அப்புறம் என்னய்யா கலரு, நாம என்ன பொண்ணா பாக்கறோம்?” என்பார்.

எனக்கு அப்படி விட்டுவிட முடியாது. மேசைக்கு எதிரே சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருக்கிறேன். டார்ச்சுகளை இரண்டிரண்டாக அதன் மேல் அடித்துப் பார்ப்பேன். ஒன்றை மட்டும் தனியாக அடித்தால் அது எப்பேர்ப்பட்ட டார்ச்சாக இருந்தாலும் வெள்ளையாகத்தான் தெரியும். ஒரு நிமிஷத்தில் கண் அதற்குப் பழகிவிடும். பக்கத்தில் இன்னொன்றை அடித்தால்தான் அதன் சாயம் வெளுக்கும். என் தொழிலில் தெரிந்துகொள்ள வேண்டியது மொத்தமே இவ்வளவுதான். ஆனால் அதைத் தெரிந்தவன் எங்கள் கிடங்கில் நான் ஒருவன்தான் என்பதால், ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்கிற கணக்கில், எனக்கு ‘கலர் டாக்டர்’ என்று பேர் விழுந்துவிட்டது. கிண்டல்தான். நான் கொஞ்சம் பெருமையாகவே வாங்கிக்கொண்டேன்.

பச்சை அடிக்கிற டார்ச்சைக் கண்டால் எனக்கு ஆகவே ஆகாது. அதைப் பாலில் அடித்தால் பால் திரிந்துபோனது மாதிரி இருக்கும். மனிதன் முகத்தில் அடித்தால் பத்து நாள் காய்ச்சலில் கிடந்தவன் மாதிரி இருப்பான். எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று உண்டு. சோப்புப் பொட்டலத்தோடு இலவசமாக வந்தது. ‘பாசி’ என்று பேர் வைத்தேன். என் மனைவி அதைத்தான் சமையலறை ஆணியில் மாட்டி வைத்து, பல்லி விரட்டுவது முதல் பாத்திரத்தில் அடிப்பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது வரை எல்லாவற்றுக்கும் எடுப்பாள்.

என்னுடையது ‘மகாராணி’. இருநூறு டார்ச் திரும்பி வந்த ஒரு சரக்கில் அப்படி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மிக லேசாக ரோஸ் அடிக்கும். அந்த வெளிச்சத்தில் கையைப் பார்த்தால் இப்போதுதான் ரத்தம் ஊறிய கை போல இருக்கும். பழைய மரக் கதவு புதுசாகும். முதலாளியிடம் கெஞ்சி வீட்டுக்கு எடுத்து வந்தேன். “காக்காய்க்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு” என்றாள் மனைவி. பாசியை நான் எத்தனை தடவை திட்டியிருக்கிறேன், அவள் ஒரு தடவை மகாராணியைச் சொல்லக்கூடாதா என்று விட்டுவிட்டேன்.

என் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது ஒரு மழை வாரத்தில். அவள் புருஷன் தூரத்தில் ஒரு பாலம் கட்டுகிற இடத்தில் வேலையாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமைதான் வர முடியும். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து மூன்றாம் நாள் நேராக எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டோம்.

இதற்கு முன் அவளுக்கு ஒன்று ஐந்தாம் மாதத்தில் கலைந்து போயிருந்தது. அதற்கப்புறம் அவள் சிரித்தாலும் பாதியில் நிறுத்திவிடுவாள். இந்த முறை ஒன்பது மாதமும் நாங்கள் அவளிடம் நல்ல செய்தி மட்டுமே பேசினோம். பக்கத்து வீட்டுப் பூனை செத்ததைக்கூடச் சொல்லவில்லை. அது ஊருக்குப் போயிருக்கிறது என்றேன். பூனை ஊருக்குப் போகுமா என்று அவளும் கேட்கவில்லை.

கிளம்பும்போது ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தார்: “மஞ்சள் வரலாம். மூஞ்சில லேசா வந்தா பயப்படாதீங்க, நெறய கொழந்தைக்கு வர்றதுதான். ஆனா வயித்துக்குக் கீழ இறங்கினாலோ, பால் குடிக்காம தூங்கிட்டே இருந்தாலோ யோசிக்காம தூக்கிட்டு வந்துடுங்க.”

எங்கள் வீடு முன்னறை, சமையலறை, பின்னறை என்று ரயில் பெட்டி போல நீளும். ஜன்னல் என்று ஒன்று முன்னறையில்தான். அது வழியாக மூன்று நாளாகச் சாரல் அடித்துக்கொண்டிருந்ததால் தாயையும் பிள்ளையையும் பின்னறையில் விட்டோம். பின்னறைச் சுவரை ஒட்டி அடுத்த கட்டடம் நிற்கிறது. பட்டப்பகலிலும் அங்கே விளக்கு வேண்டும்.

நான்காம் நாள் பிற்பகல் மூன்று மணி இருக்கும். மழையில் கரண்ட் போய்விட்டது. மனைவி பாசியை எடுத்துக்கொண்டு குழந்தைக்குத் துணி மாற்றப் போனாள். போனவள் என்னைக் கூப்பிட்டாள்.

“ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க. பாப்பா மஞ்சளா இருக்கற மாதிரி இல்ல?”

தங்கை படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். “என்ன அண்ணி? என்ன மஞ்சள்?”

“அந்த டார்ச்ல அடிச்சா யாருமே மஞ்சளாத்தான் தெரிவாங்க,” என்றேன். “பாசி அடிக்கறதுக்கு நீ பயப்படலாமா?”

மனைவி குழந்தையின் நெஞ்சில் ஒரு விரலை வைத்து மெல்ல அழுத்தி எடுத்தாள். அழுத்திய இடம் ஒரு நொடி வெளிறி, பிறகு பழையபடி ஆனது. அந்த ஒரு நொடியை நான் பார்த்தேன். வெளிறிய இடம் வெள்ளையாக இல்லை. எனக்குத் தெரிந்த பச்சை எதுவும் அப்படி ஒரு மஞ்சளைக் காட்டாது. பதினோரு வருஷமாக அந்த மேசையில் வேறு என்னத்தைப் பார்த்தேன்?

ஆனால் நான் தங்கையையும் பார்த்துவிட்டேன். இருட்டில் அவள் கண் இரண்டும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

“இரு, நல்ல டார்ச் கொண்டு வரேன்,” என்று முன்னறைக்கு ஓடினேன். அலமாரியில் ஏழெட்டு டார்ச் இருந்தது. நடுவில் ஒன்று, சுத்த வெள்ளை, கிடங்கில் மற்றதையெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருப்பது. வீட்டில் ஒரு வேலைக்காகக் கொண்டு வந்திருந்தேன். என் கை அதைத் தாண்டிப் போய் மகாராணியை எடுத்தது. தெரியாமல் எடுத்தேன் என்று சொல்ல ஆசைதான்.

மகாராணியை அடித்ததும் குழந்தை ரோஜாப்பூவாகிவிட்டது. கன்னம், உள்ளங்கை, குதிகால் எல்லாம் இளஞ்சிவப்பு. “பாத்தியா? என்னமோ மஞ்சளாம் மஞ்சள். தக்காளி மாதிரி இருக்கா என் மருமக,” என்றேன். தங்கை மூச்சை விட்டாள். அடுத்து அவள் முகத்தில் அடித்தேன். “நீகூட இதுல அழகாத்தான் இருக்க, போனாப் போகுது.” அவள் சிரித்தாள், பாதியில் நிறுத்தாமல்.

“அதயே அடிண்ணா, இன்னொரு தடவ பாக்கறேன்,” என்றாள். அடித்தேன். இன்னும் ஒரு தடவை கேட்டாள். மறுபடி அடித்தேன். மனைவி பாசியை அணைத்துவிட்டு எழுந்து போனாள்.

அன்றைக்குக் குழந்தை நிறையத் தூங்கியது. நல்ல பிள்ளை, படுத்துவதே இல்லை என்று மாப்பிள்ளையிடம் போனில் பெருமையடித்தேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நான் கிடங்குக்குக் கிளம்பச் சட்டை போட்டுக்கொண்டிருந்தேன். பின்னறையில் தங்கை குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டுகிற சத்தம் கேட்டது. “எந்திரி கண்ணு, எந்திரிடி, ஒரு வாய் குடிடி.” எட்டிப் பார்த்தேன். குழந்தை உதட்டை அசைத்தது, பிறகு தலையைச் சாய்த்துக்கொண்டது. மறுபடி சுண்டினாள். குரல் மாறிக்கொண்டே வந்தது.

மனைவி உள்ளே போய்க் குழந்தையை வாரி எடுத்தாள். முன்னறைக்கு வந்து ஒரு கையால் ஜன்னலை அகலத் திறந்தாள். வெளியே மழை விட்டு வானம் வெள்ளையாக மூடியிருந்தது. சுற்றியிருந்த துணியை விலக்கினாள். தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

“தனியா பாத்தா எல்லாமே வெள்ளதான்னு வாய் ஓயாம சொல்வீங்களே,” என்றாள் மனைவி. குரலை உயர்த்தவில்லை, அதுதான் தாங்கவில்லை. “நேத்து பாப்பாவ எது பக்கத்துல வெச்சுப் பாத்தீங்க?”

தங்கையின் கையை இழுத்துக் குழந்தையின் கால் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒரே ரத்தம், ஒரே மாநிறம். ஆனால் ஒன்று தோல் நிறத்தில் இருந்தது, மற்றது முழங்காலுக்குக் கீழே வரை மஞ்சளாக இருந்தது. கண்ணைத் திறந்து பார்த்தோம். விழியின் வெள்ளையும் அப்படித்தான்.

நான் சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடி வண்டி பிடித்தேன்.

ஆஸ்பத்திரியில் குழந்தையின் நெற்றியில் மஞ்சளை அளக்கும் ஒரு சின்னக் கருவியை அழுத்திப் பார்த்தார்கள். அதன் எண்ணைப் பார்த்ததும் நர்ஸ் ரத்தம் எடுக்கச் சொன்னார். எழுதிக்கொண்டே கேட்டார்: “மஞ்சள் எப்பலேந்து?”

“தெரியலங்க,” என்றாள் தங்கை. “நேத்து மத்தியானம் அண்ணன் பாத்தாங்க. நல்லாத்தான் இருக்குன்னு சொன்னாங்க.”

அவள் குத்திச் சொல்லவில்லை. நடந்ததை அப்படியே சொன்னாள். நர்ஸ் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

“நீங்க டாக்டரா?”

“இல்லீங்க. டார்ச் லைட் கம்பெனி.”

“ஓ,” என்றார் நர்ஸ். அந்த ‘ஓ’வுக்குப் பதில் அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

நம்பர் அதிகம்தான், ஆனால் இன்றைக்கே வந்ததால் விளக்கு வைத்தே இறக்கிவிடலாம், இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் பேச்சே வேறு என்று டாக்டர் சொன்னார். மூளையைப் பாதிக்கும் என்றார். காது என்றார். அதற்கு மேல் என் காதில் விழவில்லை. இன்னும் ஒரு நாள் விடுவதற்கு நான் ஒருவனே போதும் என்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

குழந்தையின் கண்ணைத் துணியால் மூடி, ஒரு கண்ணாடித் தொட்டிலில் போட்டு, மேலே நீல விளக்கு வைத்தார்கள். அதுவும் எல்.இ.டி.தான். அப்படி ஒரு நீலத்தை நான் கிடங்கில் பார்த்திருந்தால் பத்து நிமிஷம் பேசியிருப்பேன். இங்கே அதன் நிறம் என்னவாக இருந்தால் எனக்கென்ன, எரிந்துகொண்டே இருந்தால் போதும் என்று நின்றேன். கரண்ட் போய்விடக் கூடாதே என்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் வராந்தா பெஞ்சில் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆறிப்போன காபி ஒன்றை என் கையில் வைத்தாள்.

“நான் பாத்தேன்,” என்றேன். “நேத்தே. நீ விரல் வெச்சு எடுத்தப்பவே தெரிஞ்சுது.”

“தெரியும்.”

“எப்படி?”

“நீங்க ஓடின ஓட்டத்துலயே தெரிஞ்சுது. சும்மா சண்டை போடறதா இருந்தா அங்கயே நின்னு போட்டிருப்பீங்க.”

“அப்ப ஏன்டி விட்ட? என் மண்டையில ஒண்ணு போட்டிருக்கலாம்ல?”

“எனக்கும் உங்க டார்ச்சே சரியா இருக்கட்டும்னு இருந்துச்சு. காலைல வரைக்கும் ஒரு பொட்டுத் தூக்கமில்ல.” பிறகு என் சட்டையைப் பார்த்து, பொத்தானை எல்லாம் கழற்றி ஒழுங்காகப் போட்டுவிட்டாள்.

தங்கையிடம் சொல்ல எனக்கு இரண்டு நாளாயிற்று. எண் இறங்கிவிட்டது, குழந்தை அழுது பால் குடிக்கிறது என்று ஆன பிறகுதான் வாய் வந்தது. கோழைதான் நான், வேறென்ன? அவள் தொட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நீல வெளிச்சம் அவள் ஒரு பக்க முகத்தில் விழுந்திருந்தது.

“அந்த டார்ச் எல்லாத்தயும் அழகாக் காட்டும்னு எனக்குத் தெரியும்மா,” என்றேன். “தெரிஞ்சுதான் எடுத்தேன். பக்கத்துலயே சரியான டார்ச் இருந்துச்சு. நீ அழுதுடுவியேன்னு அத எடுக்கல.”

அவள் தொட்டில் கண்ணாடியை விரலால் தடவினாள். கோபப்படட்டும் என்று காத்திருந்தேன்.

“நான் ஏன் மூணு தடவ அதயே அடிக்கச் சொன்னேன்னு நெனக்கற?” என்றாள் கடைசியில். “அண்ணி சொன்னதுமே எனக்குப் பயம் வந்துடுச்சு. அவங்க டார்ச்ச எடுத்து நானே ஒரு தடவ பாத்திருக்கலாம். கை நீட்டற தூரத்துலதான் இருந்துச்சு.” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “எங்கிட்ட நல்லதே சொல்லிச் சொல்லி எல்லாரும் என்னக் கெடுத்து வெச்சுட்டீங்க. பூனை செத்துப்போச்சுன்னு எனக்குத் தெரியாதா?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பக்கம் வந்த நர்ஸ், “இங்க கூட்டம் போடாதீங்க,” என்று என்னை வெளியே அனுப்பினார்.

சனிக்கிழமை வீட்டுக்கு விட்டார்கள். விளக்கை எடுத்த பிறகு மஞ்சள் கொஞ்சம் திரும்பலாம், முகத்தில் இருந்தால் பரவாயில்லை, இறங்கினால் உடனே வாருங்கள், தினமும் காலையில் பகல் வெளிச்சத்தில் பாருங்கள் என்றார் நர்ஸ். சொல்லும்போது என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஞாயிறு காலை வெயில் அடித்தது. மாப்பிள்ளை இன்னும் வந்து சேரவில்லை. நான் முன்னறையில் செய்தித்தாளை வைத்துக்கொண்டு படிக்காமல் உட்கார்ந்திருந்தேன். தங்கை குழந்தையோடு வந்தாள். மனைவியிடம் கொடுப்பாள் என்று நினைத்தேன். மனைவி ஜன்னல் பக்கமே நின்றிருந்தாள். தங்கை அவளைத் தாண்டி வந்து என் மடியில் வைத்தாள்.

“பாத்துச் சொல்லுண்ணா.”

“நான் எதுக்கும்மா? அண்ணி...”

“நீ சொல்லு.”

ஜன்னலுக்குக் கொண்டு போனேன். துணியை விலக்கினேன். தங்கையின் கையைப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். நெற்றி, கன்னம், நெஞ்சு, வயிறு, தொடை, பாதம் என்று ஒவ்வொன்றாக அழுத்தி எடுத்துப் பார்த்தேன். அவள் குழந்தையைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அன்றைக்கு இருட்டில் பார்த்தது மாதிரியே. ஒன்றுமில்லை, தக்காளி மாதிரி இருக்கா என்று சொல்ல என் வாய் தானாகத் திறந்தது. அத்தனை பட்டும் திறந்தது. மூடிக்கொண்டேன்.

“மூஞ்சில மஞ்சள் இருக்கு,” என்றேன். “நேத்த விடக் கொஞ்சம் கூட. கண்ணுலயும் லேசா இருக்கு.”

அவள் முகம் சுருங்கியது. கண்ணை மூடித் திறந்தாள்.

“நெஞ்சுல?”

“இல்ல.”

“வயித்துல?”

“இல்ல.”

“கால்ல?”

“இல்லம்மா.”

அவள் குழந்தையை என்னிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். முதுகைத் தட்டிக்கொண்டே இரண்டு அடி நடந்து திரும்பினாள்.

“சரி,” என்றாள். “இப்ப நீ ‘இல்ல’ன்னு சொன்னா நம்பறேன்.”